உந்தும் உடைமையும்

ஒரு பொருளை விலை கொடுத்து வாங்குவது வேறு. அதனை உடைமையாக்கிக் கொள்வது வேறு. முன்னது ஒரே நாளில் முடிந்துவிடும். பின்னதற்கோ மாதங்கள் வேண்டும். சில வேளைகளில் ஆண்டுகளும் வேண்டும். நிலம், வீடு, நூல், இசைக்கருவி ஆகிய எல்லாவற்றிற்கும் பொருந்தும் இவ்வுண்மை மகிழுந்துக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். வீட்டைப் போல அது நின்ற இடத்தில் நில்லாது. நூலைப் போல மூடி வைத்ததும் அமைதி கொள்ளாது. தன்னை உடையவரின் உயிரையும், சாலையில் செல்லும் பிறர் உயிரையும் பொறுப்பாகச் சுமந்துகொண்டு ஓடும் பொருள் அது. எனவே, புதிய மகிழுந்து ஒன்று ஒரு வீட்டிற்கு வந்த முதல் சில மாதங்களை உற்று நோக்கினால், வண்டியின் குணத்தோடு அவ்வீட்டாரின் குணமும் புலப்படும்.

கிள்ளானில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பம் 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அத்தகைய வண்டி ஒன்றை வாங்கியது. குடும்பத் தலைவி அரசு மருத்துவமனையில் மருந்தாளுநர். கணவர் துறைமுகத்தில் பொறியாளர். தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டில் பயிலும் மகன் ஒருவன். தலைவியின் பெற்றோரும் இவர்களுடனேயே வாழ்கின்றனர். தந்தைக்கு அப்போது அகவை 78. தெற்குப் பேராக்கில் இருந்த ரப்பர்த் தோட்டம் ஒன்றில் 30 ஆண்டுகளுக்கு மேல் ஓட்டுநராகப் பணியாற்றியவர் அவர். தாயார் அதே தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். புதிய வண்டியின் முதல் ஆறு மாதங்களில் அவ்வீட்டில் நிகழ்ந்தவை ஊர் அறியத்தக்க பெருஞ்செய்திகள் அல்ல. ஆயினும், உடைமை என்பது யாது என்னும் வினாவிற்கு அவற்றில் விடை உண்டு.

வாங்கப்பட்டது வோல்வோ நிறுவனத்தின் எக்ஸ்.சி. 40 என்னும் மின்மகிழுந்து. இன்று எல்லாரும் எஸ்யூவி என்று அழைக்கும் உயரமான வண்டி வகையைச் சேர்ந்தது. அவ்வகையில் சிறிய உருவம் உடையது. எனினும் சொகுசு வண்டிகளின் வரிசையில் வைத்து எண்ணப்படுவது. 2017ஆம் ஆண்டில் பெட்ரோல், டீசல் ஆகியவற்றால் ஓடும் வண்டியாக அறிமுகமாகி, 2018ஆம் ஆண்டிற்கான ஐரோப்பிய மகிழுந்து விருதைப் பெற்றது. அதன் மின்வடிவம் 2022ஆம் ஆண்டில் ஷா ஆலம் தொழிற்சாலையில் பொருத்தப்பெற்று மலேசியாவில் விற்பனைக்கு வந்தது. முன்னும் பின்னுமாக இரண்டு மின்பொறிகள். 408 குதிரைத் திறன். நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 4.9 நொடி, ஒருமுறை முழுமையாக மின்னேற்றினால் ஆய்வு அளவீட்டின்படி 418 கிலோமீட்டர் ஓட்டம். எடையோ இரண்டு டன்னுக்கும் மேல். அன்றைய விலை இரண்டரை இலட்சம் ரிங்கிட்டுக்கும் மேல்.

இவ்வளவு விலை கொடுத்து ஒரு வண்டி தேவைதானா என்று உறவினர் கேட்டனர். அக்கேள்வியில் பொறாமையும் இருக்கலாம், நியாயமும் உண்டு. அந்தத் தொகையின் ஒரு பகுதியைக் கொண்டு ஒரு பிள்ளையைப் பல்கலைக்கழகம்வரை படிக்க வைக்கலாம். மகள் அதனை மறுக்கவில்லை. அவர் சொன்ன காரணங்கள் இரண்டே. முதலாவது, தாயாரின் முழங்கால். பல்லாண்டுகள் மரத்தடியில் குனிந்தும் நிமிர்ந்தும் தேய்ந்த மூட்டு அது. பழைய வண்டியின் தாழ்ந்த இருக்கையில் அமர்வது ஒரு துன்பம். அதிலிருந்து எழுவது மற்றொரு துன்பம். புதிய வண்டியின் இருக்கையோ இடுப்பளவு உயரத்தில் இருந்தது. உள்ளே இறங்கவும் வேண்டாம், ஏறவும் வேண்டாம், பக்கவாட்டில் அமர்ந்து காலைத் திருப்பினால் போதும். இரண்டாவது காரணத்தை அவர் உறவினரிடம் சொல்லவில்லை. கணவரிடம் மட்டுமே சொன்னார். அதனை விளங்கிக்கொள்ள, மகிழுந்துக்கும் மலாயாத் தமிழர்க்கும் உள்ள உறவைச் சற்றே திரும்பிப் பார்க்க வேண்டும்.

அவ்வுறவு நூறாண்டுக்கும் மேற்பட்டது. ஆனால் அது உடையவரின் உறவாகத் தொடங்கவில்லை. 1877ஆம் ஆண்டில் 22 ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூரை வந்தடைந்தன. 1888ஆம் ஆண்டில் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ரிட்லி, மரத்தைச் சாகவிடாமல் மீண்டும் மீண்டும் பால் எடுக்கும் வெட்டு முறையை உருவாக்கி, ரப்பர் பயிரிடுமாறு தோட்டக்காரர்களை ஓயாமல் வற்புறுத்தினார். 1896ஆம் ஆண்டில் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் அதனை வாணிகப் பயிராக நட்டார். 1908ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஃபோர்டின் ‘மாடல் டி’ வெளிவந்தது. செல்வரின் விளையாட்டுப் பொருளாக இருந்த மகிழுந்து எளியவரின் கைக்கும் எட்டத் தொடங்கியது. வண்டி பெருகப் பெருக டயர் வேண்டும். டயர் பெருகப் பெருக ரப்பர் வேண்டும். ரப்பர் பெருகப் பெருகக் காட்டை அழிக்கவும் கன்று நடவும் பால் வெட்டவும் கைகள் வேண்டும். அக்கைகளைத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவருவதற்காக, 1907ஆம் ஆண்டில் தமிழர் குடியேற்ற நிதி என்று தமிழரின் பெயராலேயே ஒரு நிதி நிறுவப்பட்டது.

கடல் கடந்த நாட்டில் யாரோ ஒருவர் மகிழுந்து வாங்கியதன் விளைவாக, தஞ்சையிலும் சேலத்திலும் திருச்சிராப்பள்ளியிலும் எத்தனையோ குடும்பங்கள் கப்பலேறின என்றால் அது மிகையாகாது. மகிழுந்து தமிழருக்கு உடைமையாவதற்கு முன்பே, தமிழர் மகிழுந்துக்கு உடைமையாகிவிட்டிருந்தனர்.

மருந்தாளுநரின் தந்தையாருடைய வாழ்க்கை அவ்வரலாற்றின் அடுத்த படியாகும். 18 அகவையில் தோட்டத்து லாரியில் உதவியாளாக ஏறினார். 21 அகவையில் உரிமம் பெற்றுப் பால் லாரியை ஓட்டினார். பிறகு பெரிய துரையின் லேண்ட் ரோவர் அவர் கைக்கு வந்தது. அவருக்குப் பின் வந்த துரை ஒரு வோல்வோ வைத்திருந்தார். வோல்வோ வண்டிகள் 1967ஆம் ஆண்டு முதல் பத்து தீகாவில், அதாவது இன்றைய ஷா ஆலம் பகுதியில், பொருத்தப்பட்டு வந்தன. தோட்டத் துரைமார் சிலர் அவற்றின் உறுதியை விரும்பி வாங்கினர். அவ்வண்டியை அவர் நாள்தோறும் கழுவினார், துடைத்தார், ஓட்டினார். துரையின் மனைவி ஏறும்போதும் இறங்கும்போதும் கதவைத் திறந்து பிடித்தார். ஓட்டுநர் இருக்கையைத் தவிர வேறோர் இருக்கையில் அவர் அமர்ந்ததே இல்லை. பின்னிருக்கையின் தோலை ஆயிரம் முறை துடைத்திருப்பார். ஒரு முறையேனும் அதில் சாய்ந்ததில்லை. அவருக்கென்று சொந்தமாக இருந்தது முதலில் ஒரு மிதிவண்டி. பின்னர் ஒரு ஹோண்டா மோட்டார் சைக்கிள். மகள் கணவரிடம் மட்டும் சொன்ன இரண்டாவது காரணம் இதுதான்: தந்தை ஒருநாள் அந்தப் பின்னிருக்கையில் சாய்ந்து அமர வேண்டும்.

வண்டி வீட்டிற்கு வருமுன் கோயிலுக்குச் சென்றது. நான்கு டயர்களுக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைக்கப்பட்டது. அர்ச்சகர் சூடம் காட்டிய பின் மகள் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தார். முதியவர் சாவி போடும் துளையைத் தேடினார். துளை இல்லை. பொறியைக் கிளப்பும் பொத்தானைத் தேடினார். அதுவும் இல்லை. ஓட்டுநர் அமர்ந்ததை இருக்கையே உணர்ந்துகொள்ளும். தடையை மிதித்து நெம்பினை நகர்த்தினால் வண்டி புறப்பட்டுவிடும். “வண்டிய கிளப்பியாச்சா?” என்று அவர் கேட்டு முடிப்பதற்குள், நான்கு எலுமிச்சம்பழங்களும் நசுங்கும் ஓசை தெளிவாகக் கேட்டது. பொறியின் உறுமல் இல்லாத வண்டியின் புறப்பாட்டை எலுமிச்சம்பழம்தான் அறிவித்தது.

தாயாரின் பார்வையோ வண்டியின் மெருகிலும் இல்லை. கண்ணாடிக் கூரையிலும் இல்லை. அவர் மெல்லக் குனிந்து டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். “இந்த நாலு வட்டத்துக்கா அம்புட்டுப் பாலு?” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தனர். அவர் சிரிக்கவில்லை. இருள் பிரியுமுன் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, நிரைநிரையாக மரங்களை வெட்டி, மங்கு மங்காகப் பாலைச் சேர்த்து, ஒட்டுப்பாலையும் விடாமல் உரித்தெடுத்துச் சுமந்தவர் அவர். அந்தப் பால் தொழிற்சாலைக்குப் போவதை நாளும் கண்டவர். அது எங்கே போய் என்னவாயிற்று என்பதை முதன்முறையாகத் தம் குடும்பத்தின் பொருளாகத் தொட்டுப் பார்த்தார். இக்காலத்து டயரில் செயற்கை ரப்பரும் கரித்தூளும் எஃகு இழையும் கலந்துள்ளன. ஆயினும் மரத்தின் பால் அதிலிருந்து இன்னும் நீங்கவில்லை. ஒரு பெண் தம் உழைப்பின் முடிவைத் தொட்டறிய ஒரு தலைமுறைக் காலம் ஆயிற்று.

சட்டத்தின் கண்ணோட்டத்தில் அவ்வண்டி அக்குடும்பத்தின் உடைமை அன்று. ஒன்பது ஆண்டுத் தவணையில் வாங்கப்பட்டது அது. 1967ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டப்படி, இறுதித் தவணை செலுத்தப்படும்வரை உரிமையாளர் வங்கியே. வாங்கியவர் வாடகைக்கு எடுத்துப் பயன்படுத்துபவர் மட்டுமே. வண்டியைச் செய்த நிறுவனத்திற்கும் அதில் ஒரு பிடி உண்டு. வானலை வழியாகவே அவ்வண்டியின் மென்பொருளை அந்நிறுவனம் புதுப்பிக்க முடியும். ஒருநாள் காலையில் திரையின் தோற்றம் சிறிது மாறியிருந்தது. முதல்நாள் மாலை மகள் திரையில் வந்த கேள்விக்கு இசைவு தெரிவித்திருந்தார். இரவில் மாற்றம் நிகழ்ந்துவிட்டது. முதியவர் திடுக்கிட்டு, “நாம தூங்குறப்ப யாரு வந்து வண்டியத் தொட்டது?” என்று கேட்டார். நகைப்பிற்குரிய கேள்வியாகத் தோன்றினாலும் அது நுட்பமான கேள்வியே. பெயர்ப் பதிவு ஒருவரிடம், சட்ட உரிமை மற்றொருவரிடம், மென்பொருள் வேறொருவரிடம். அவ்வாறாயின் உடையவர் யார்?

அதற்கான விடை மெல்ல மெல்லவே உருவாயிற்று. முதல் சில வாரங்களில் வண்டியின் அமைதி முதியவரை வருத்தியது. வண்டிக்கு நோய் வந்தால் அது முதலில் ஓசையில்தான் தெரியும் என்பது அவரது வாழ்நாள் அனுபவம். வால்வு தட்டுவதையும், பெல்ட் தளர்வதையும், தாங்குருளை தேய்வதையும் காதால் அறிந்தவர் அவர். இந்த வண்டியோ ஒன்றும் சொல்லவில்லை. “பேசாத வண்டி” என்று அதற்குப் பெயரிட்டார். ஆயினும் அவர் காது சும்மா இருக்கவில்லை. பொறியின் ஓசை இல்லாத இடத்தில் பிற ஓசைகள் எழுந்தன. கண்ணாடி ஓரத்தில் காற்று உரசுவது கேட்டது. பழைய தாரும் புதிய தாரும் மாறுமிடம் கேட்டது. டயரின் பள்ளத்தில் ஒரு சிறுகல் சிக்கினாலும் கேட்டது.

இரண்டாம் மாதத்தில் ஒருநாள் மாலை, சந்தைக்குச் சென்று திரும்பும் வழியில், “இடப் பக்கம் பின்சக்கரத்துல ஆணி இருக்கு” என்றார். திரையில் எச்சரிக்கை ஏதும் இல்லை. மகள் ஐயத்தோடு வண்டியை நிறுத்திப் பார்த்தார். டயரின் நடுவில் ஒரு திருகாணி தலைவரை இறங்கியிருந்தது. காற்று இன்னும் குறையவில்லை. எனவே காற்றழுத்தத்தைக் காட்டும் கருவிக்கு அறிவிக்க ஏதும் இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் தரையைத் தொட்ட ஆணித்தலையின் மெல்லிய தட்டல் அவர் காதுக்கு மட்டும் எட்டியிருந்தது. இத்தகைய வண்டிகள் பலவற்றில் மாற்றுச் சக்கரம் வைப்பதில்லை. இரவு நேரத்தில் நெடுஞ்சாலையில் அந்த டயர் தன் காற்றை இழந்திருந்தால் குடும்பமே அல்லற்பட்டிருக்கும். அன்று முதல் அவர் ‘பேசாத வண்டி’ என்று சொல்வதை விட்டுவிட்டார்.

அதன் பின் அவ்வீட்டில் ஓர் ஒழுங்கு பிறந்தது. தோட்டத்தில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு குறிப்பேடு இருந்தது போல, இவ்வண்டிக்கும் ஒரு குறிப்பேடு வேண்டும் என்றார் முதியவர். கண் மங்கியிருந்ததால் எழுதும் பணி பேரனுக்கு வந்தது. பள்ளிப் பயிற்சி ஏட்டில் அவன் கோடு கிழித்து, தேதி, ஓடிய தொலைவு, மின்கல அளவு, டயரின் காற்றழுத்தம், கழுவிய நாள் என்று தமிழிலேயே தலைப்பிட்டான். மின்னேற்றம் என்பதற்கு இரண்டு சுழி ‘ன’வா, மூன்று சுழி ‘ண’வா என்று தாயிடம் கேட்டு எழுதினான். அறிவியல் தமிழைப் பாடநூலில் மட்டும் கண்ட சிறுவனுக்கு, அது வீட்டு வாயிலில் நிற்கும் பொருளின் மொழியாயிற்று. ஆசிரியர்கள் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி இது. பயன்படும் இடம் கிடைத்தால் கலைச்சொல் தானே நாவில் ஏறும்.

குறிப்பேடு பல உண்மைகளைக் காட்டியது. நகர ஓட்டத்தில் 100 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 20 அலகு மின்சாரம் செலவாயிற்று. நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் செலவு அதைவிடக் கூடியது. மின்கலத்தின் கொள்ளளவு 78 அலகு. அதில் முழுவதையும் பயன்படுத்த இயலாது. கணக்கிட்டால் உண்மையான ஓட்டம் 340 கிலோமீட்டரை ஒட்டியே நின்றது. “தாளில் 418 என்று போட்டிருக்கே தாத்தா?” என்று பேரன் கேட்டான். “தாளுக்கு வெயில் தெரியாதுப்பா” என்றார் அவர். குளிர்சாதனமும், நான்கைந்து பேரின் எடையும், முன்னால் செல்லும் லாரியைக் கடக்க வேண்டிய விரைவும் ஆய்வுக்கூடத்து அளவீட்டில் முழுமையாக அடங்குவதில்லை. ஏட்டுக் கணக்கிற்கும் பட்டறிவிற்கும் உள்ள இடைவெளியைச் சிறுவன் அன்று கற்றான். வீட்டில் பொருத்திய மின்னேற்றியில் முழு அளவை எட்ட 11, 12 மணி நேரம் ஆவதையும், ஆகவே மாட்டுக்கு இரவில் தீனி வைப்பது போல வண்டிக்கும் இரவிலேயே மின்னூட்ட வேண்டும் என்பதையும் அவன் அறிந்துகொண்டான்.

பள்ளி விடுமுறையில் குடும்பத்தார் கேமரன் மலைக்குப் புறப்பட்டனர். மகள் அவ்விடத்தைத் தேர்ந்தெடுத்தது காரணத்தோடுதான். துரை குடும்பம் ஓய்வுக்காகத் தானா ராத்தாவுக்குச் செல்லும்போதெல்லாம் முதியவரே ஓட்டிச் சென்றிருக்கிறார். அவர்கள் மாளிகையில் தங்குவர். அவர் ஓட்டுநர் அறையில் தங்குவார். அதே மலைக்கு, அதே பெயர் தாங்கிய வண்டியில், அவரைப் பின்னிருக்கையில் அமர்த்தி அழைத்துச் செல்ல வேண்டும் என்பது மகளின் விருப்பம். வழியில் நெடுஞ்சாலை ஓய்விடம் ஒன்றில் மின்னேற்ற நிறுத்தினர். அங்கிருந்த இரண்டு கருவிகளுள் ஒன்று பழுதுற்றிருந்தது. மற்றொன்றில் வேறொரு வண்டி நின்றது. முக்கால் மணி நேரம் காத்திருந்தனர். பெட்ரோல் ஊற்ற ஐந்து நிமிடம் போதுமே என்னும் எண்ணம் எல்லார் மனத்திலும் எழுந்தது. தாயார் மட்டும், சூடான தேநீரோடு உட்கார ஒரு காரணம் கிடைத்ததென்று மகிழ்ந்தார்.

தாப்பாவில் மலைச்சாலை தொடங்கும் இடத்தில் மகள் பின்கதவைத் திறந்து பிடித்தார். முதியவர் ஒருகணம் தயங்கினார். கதவைத் திறந்து பிடித்தே பழகிய கை, பிறர் திறந்து பிடித்த கதவின் முன் என்ன செய்வதென்று அறியாமல் நின்றது. பிறகு ஏறி அமர்ந்தார். மகளின் கண் கலங்கியது. வண்டி வளைவுகளில் ஏறியது. பத்துக் கிலோமீட்டர் கடந்திருக்கும். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: “தாயி, ஓரமா நிப்பாட்டு. பின்னாடி உட்கார்ந்தா ரோடு தெரியல.” இறங்கி முன்னிருக்கைக்கு மாறிக்கொண்டார். அதன் பின்னரே அவர் முகம் தெளிந்தது. எந்த வளைவில் எதிரே லாரி அகன்று வரும், எந்தப் பாறையில் நீர் கசிந்து தார் வழுக்கும் என்று மலை முடியும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

மகள் எண்ணியது ஒன்று, நிகழ்ந்தது மற்றொன்று. பின்னிருக்கை பெருமைக்குரிய இடம் என்று அவர் கருதியிருந்தார். தந்தைக்கோ அது சாலை தெரியாத இடமாக இருந்தது. அவரது பெருமை முப்பது ஆண்டுகளாகவே முன்னிருக்கையில்தான் இருந்தது. அதனை யாரும் அவரிடமிருந்து பறித்திருக்கவில்லை. ஆகவே யாரும் மீட்டுத் தரவும் தேவையில்லை.

தானா ராத்தாவில் மறுநாள் காலை மகள் வேறொன்றைக் கேட்டார். வெறிச்சோடிக் கிடந்த ஒரு நேர்ச்சாலையில் சிறிது தொலைவு தந்தையே ஓட்டிப் பார்க்கலாமே என்றார். முதியவரின் பார்வை வண்டியின் மீது நிலைத்தது. அதனை ஓட்டும் ஆசை அவருக்கு இல்லாமல் இல்லை. ஆயினும் கண்புரையால் பார்வை குறைந்ததும், 75ஆம் அகவையில், எவரும் சொல்லாமலே ஓட்டுவதை நிறுத்திக்கொண்டவர் அவர். “பயப்படாதீங்கப்பா, கோட்ட விட்டு விலகினா வண்டியே திருப்பும், முன்னால ஆள் வந்தா அதுவே பிரேக் போடும், எல்லாத்தையும் வண்டி பார்த்துக்கும்” என்றார் மகள். “வண்டி பார்க்கும் தாயி. ஓட்டுறவன் பார்க்கணும்ல?” என்று சொல்லி அவர் நகர்ந்துவிட்டார்.

அச்சொல் ஆழ்ந்த பொருளுடையது. இக்காலத்துச் சொகுசு வண்டிகள் ஓட்டுநரின் குறையை ஈடுசெய்யப் பல ஏற்பாடுகளைக் கொண்டுள்ளன. அவை உயிர் காக்கும் ஏற்பாடுகள் என்பதில் ஐயமில்லை. மும்முனை இருக்கைப் பட்டையை 1959ஆம் ஆண்டில் வோல்வோவின் பொறியாளர் நில்ஸ் போலின் உருவாக்கினார். அதன் காப்புரிமையைப் பிற நிறுவனங்களும் தடையின்றிப் பயன்படுத்த அந்நிறுவனம் வழிவிட்டது. மலேசியாவில் பின்னிருக்கையிலும் பட்டை அணிய வேண்டும் என்னும் சட்டம் 2009ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. கட்டிப்போட்டது போல் இருக்கிறது என்று தாயார் முணுமுணுக்கும் போதெல்லாம், பட்டை மாட்டாமல் வண்டி நகராது என்று முதியவர் உறுதியாக நிற்பார். கருவியை அவர் வெறுக்கவில்லை. கருவி மனிதனின் பொறுப்புக்குத் துணையாகலாம். அப்பொறுப்பை ஏற்றுக்கொள்ள அதனால் முடியாது என்பதே அவர் கண்ட உண்மை.

மலையிலிருந்து இறங்கும்போது, பழைய அறிவும் புதிய நுட்பமும் கைகுலுக்கிக்கொண்டன. ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்பது லாரி ஓட்டுநரின் பால பாடம். தடையை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். இந்த வண்டியிலோ, விசை மிதியிலிருந்து காலைத் தளர்த்தினாலே மின்பொறி மின்னாக்கியாக மாறி வேகத்தைத் தடுக்கிறது. தடுத்த ஆற்றலை மின்கலத்திற்கே திருப்பியும் அனுப்புகிறது. மருமகன் இதனை விளக்கத் தொடங்குமுன்பே முதியவர் புரிந்துகொண்டார். “ரெண்டாம் கியர்ல இறக்குற மாதிரிதான், ஆனா இது கூலியும் கொடுக்குது” என்றார். ஏறும்போது மின்கலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஏறக்குறைய 60 கிலோமீட்டர் இறங்கி முடித்தபோது அளவு பெரிதும் மாறாமல் இருந்தது. பேரன் அதனைக் குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடிட்டான்.

ஆறு மாதம் நிறைந்தபோது, அவ்வீட்டார் வண்டியின் நிறையையும் குறையையும் அறிந்திருந்தனர். இருக்கை முதியோரின் முதுகுக்கும் முழங்காலுக்கும் இதமானது. விரைவு தேவைக்கு மேல் மிகுதி. அதனை அடக்கி ஆள்வதே ஓட்டுபவரின் பண்பு. குளிர்காற்றைக் கூட்டவும் குறைக்கவும் திரையைத் தொட வேண்டியிருப்பது, சாலையில் இருக்க வேண்டிய கண்ணைத் திரைக்கு இழுக்கிறது. எடை மிகுந்த வண்டியாதலால் டயரின் காற்றில் கருத்து வேண்டும். நீண்ட பயணத்திற்கு முன்கூட்டியே திட்டமிட வேண்டும். தவணைத் தொகை ஒவ்வொரு மாதமும் வீட்டுச் செலவை இறுக்குகிறது. ஆகவே வேறு சில ஆசைகள் ஒத்திவைக்கப்பட்டன. விலை உயர்ந்த பொருள் தன் விலையை ஒரே நாளில் வாங்கிக்கொள்வதில்லை, மாதந்தோறும் வாங்குகிறது.

உடையவர் யார் என்னும் வினாவிற்கு இனி விடை கூறலாம். தோட்டத்து வண்டிகள் அம்முதியவரின் பெயரில் ஒருநாளும் பதிவானதில்லை. ஆயினும் அவற்றின் ஓசையை அறிந்தவர் அவர். நலத்தைப் பேணியவர் அவர். அவற்றால் பிறருக்குத் தீங்கு நேராமல் காத்தவர் அவர். அவ்வகையில் அவ்வண்டிகளின் மெய்யான உடையவர் அவரே. அந்த உடைமையைத்தான் அவர் தம் மகளுக்கும் பேரனுக்கும் இந்த ஆறு மாதங்களில் எழுதிக் கொடுத்தார்.

மாணவர்க்கும் இதில் ஒரு செய்தி உண்டு. மொழியும் இத்தகைய உடைமையே. பிறப்புப் பத்திரத்தில் தமிழர் என்று பதிவாகிவிட்டால் மட்டும் தமிழ் ஒருவருக்கு உடைமையாகிவிடாது. அதன் ஓசையை நாளும் கேட்டு, தேய்மானத்தை உணர்ந்து, பிழை நேரும் முன்பே காது கொடுப்பவருக்கே அது உடைமையாகும்.

வங்கியின் உரிமை 2032ஆம் ஆண்டில்தான் நீங்கும். அதற்குள் அக்குறிப்பேடு எத்தனையோ ஏடுகளாகப் பெருகியிருக்கும். பேரனின் கையெழுத்தும் முதிர்ந்திருக்கும். அன்று அவ்வண்டி யாருடையது என்று எவரேனும் கேட்டால், வங்கி தரும் விடுவிப்புத் தாளைக் காட்டிலும் அவ்வேடுகளே உறுதியான சான்றாக நிற்கும்.